மூளைப் படங்களில் குழு ஒப்பீடு: எந்த மாடல், எப்போது?

நோயாளர் 20 பேர், நலமானவர் 20 பேர். ஆளுக்கு ஒரு படம்: கிரே மேட்டர் (மூளையின் சாம்பல் நிறத் திசு) அளவைக் காட்டும் விபிஎம் படமாக இருக்கலாம், ஒரு பணியின்போது மூளையின் இயக்கத்தைப் பதிவு செய்த எஃப்எம்ஆர்ஐ-யின் கான்ட்ராஸ்ட் படமாகவும் (இரண்டு நிலைகளின் வேறுபாட்டைக் காட்டுவது) இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே வார்ப்புருவுக்குப் பொருத்தி, ஸ்மூத்திங்கும் (பக்கத்து மதிப்புகளோடு சேர்த்து மென்மையாக்குவது) முடித்தாயிற்று. இனி ஒவ்வொரு வாக்சலிலும் (படத்தின் மிகச் சிறிய முப்பரிமாணக் கட்டம்) இந்த 40 எண்களை ஒப்பிட வேண்டும். எஸ்பிஎம், எஃப்எஸ்எல், ஆஃப்னி, ஃப்ரீசர்ஃபர், இந்த மென்பொருள்களில் எதில் ஓட்டுவது என்பதுதான் பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி. அதைக் கடைசியில் கேட்டால் போதும். நான்கிலும் அடிப்படைக் கணக்கு ஒரே பொது நேரியல் மாடல்தான்: ஒவ்வொரு மதிப்பையும் சில நிரல்களின் எடையிட்ட கூட்டல், மிச்சப் பிழை என்று பிரித்து எழுதுவது. டிசைன் அணியில் (படத்துக்கு ஒரு நிரை, விளக்கும் மாறிக்கு ஒரு நிரல் கொண்ட எண் அட்டவணை) எந்த நிரல் எந்தப் பொருளில் நிற்கிறது, பிழையை எதிலிருந்து கணக்கிடுகிறோம் என்ற இரண்டுமே விடையை மாற்றுகின்றன.

குழுவுக்கு ஒரு நிரலா, பொது நிரலோடு ஒன்றா

இரண்டு குழுவை எழுத மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, குழுவுக்கு ஒரு நிரல்: அந்தக் குழுவைச் சேர்ந்தவருக்கு 1, மற்றவருக்கு 0. கான்ட்ராஸ்ட், அதாவது மதிப்பீடுகளை எந்த எடையில் சேர்த்து ஒப்பிடுகிறோம் என்பது, [1 −1]: முதல் குழுவிலிருந்து இரண்டாவதைக் கழிப்பது. இரண்டாவது, எல்லாருக்கும் 1 என்ற பொது நிரலும், நோயாளருக்கு மட்டும் 1 என்ற நிரலும். கான்ட்ராஸ்ட் [0 1]. மூன்றாவது, பொது நிரலோடு நோயாளருக்கு +1, நலமானவருக்கு −1. இதிலும் கான்ட்ராஸ்ட் [0 1].

மூன்றிலும் டி மதிப்பு (வேறுபாட்டை அதன் பிழையால் வகுத்தது) ஒன்றே. மாறுவது மதிப்பீட்டின் பொருள். மூன்றாவது வழியில் குழு நிரலுக்குக் கிடைக்கும் எடை, அதாவது கெழு, குழு வேறுபாட்டின் பாதி. அதை அப்படியே எடுத்து வேறுபாட்டின் அளவு என்று அட்டவணையில் போட்டால் விளைவு பாதியாகக் குறைந்து தெரியும். புள்ளியியல் வரைபடம் சரியாகவே இருப்பதால் யாரும் கவனிக்கமாட்டார்கள். வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் முதல் வழியே நல்லது. ஒவ்வொரு கெழுவும் ஒரு குழுவின் சராசரி. கான்ட்ராஸ்டைப் பார்த்ததும் அது கேட்கும் கேள்வி புரிந்துவிடும்.

பொது நிரலையும் இரண்டு குழு நிரல்களையும் சேர்த்து வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டு குழு நிரல்களைக் கூட்டினால் பொது நிரல் வந்துவிடுவதால் மூன்று நிரல் இருந்தும் அணியின் தரம் (மற்றவற்றிலிருந்து பெற முடியாத நிரல்களின் எண்ணிக்கை) 2 மட்டுமே. மென்பொருளைப் பொறுத்து எச்சரிக்கை வரும், அல்லது சில கான்ட்ராஸ்ட்களை மதிப்பிட முடியாது என்று நிறுத்திவிடும்.

எஃப்எஸ்எல்லின் பெர்முடேஷன் கருவி ராண்டமைஸ்; குழுப் பெயர்களைப் பலமுறை கலைத்துப் பார்த்து, விடை தற்செயலாக வரும் வாய்ப்பை (பி மதிப்பு) கணக்கிடும். அதில் -D என்ற தேர்வு (பெரிய எழுத்து) தரவையும் டிசைனையும் சேர்த்துச் சராசரி நீக்கும். பொது நிரல் இல்லாமல் +1/−1 நிரலோ வயது நிரலோ மட்டும் இருக்கும்போது அது தேவை. குழுவுக்கு ஒரு நிரல் என்ற அமைப்பில் அதைப் போடக் கூடாது. சராசரி நீக்கியதும் இரண்டு நிரல்களும் ஒன்றுக்கொன்று குறி மாறிய அதே நிரலாகிவிடும்; தரம் ஒன்று குறைந்துபோகும்.

வயதைச் சேர்ப்பது: மொத்த சராசரியா, குழுச் சராசரியா, தனிச் சாய்வா

அதிகம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் நீண்ட விளக்கம் தேவைப்படாது.

அ குழுவில் மூவர், வயது 62, 66, 70. ஆ குழுவில் மூவர், வயது 50, 54, 58. ஒரு வாக்சலின் மதிப்பு, 100-லிருந்து வயதைக் கழித்தால் வருவது என்று வைத்துக்கொள்வோம். நோய்க்கு அதில் பங்கே இல்லை. அ குழுவுக்கு 38, 34, 30; ஆ குழுவுக்கு 50, 46, 42. வயதைச் சேர்க்காமல் ஒப்பிட்டால் வேறுபாடு 34 − 46 = −12. ஆறு பேரின் மொத்த சராசரியான 60-ஐ ஒவ்வொரு வயதிலிருந்தும் கழித்து ஒரே நிரலாகச் சேர்த்தால் இரண்டு குழுவின் மதிப்பீடும் 40, வேறுபாடு 0. அந்தந்தக் குழுவின் சராசரியை (66, 54) கழித்துச் சேர்த்தால் மதிப்பீடுகள் 34, 46. வேறுபாடு மறுபடி −12.

மூன்றாவது வழியில் வயதைச் ‘சரிசெய்துவிட்டோம்’ என்ற எண்ணம் மட்டும் மிஞ்சுகிறது. குழுக்களுக்கு இடையிலான வயது வேறுபாடு அப்படியே குழு நிரல்களுக்குப் போய்விட்டது. போதாததற்கு, குழுவுக்குள் வயதால் வரும் ஏற்ற இறக்கத்தை வயது நிரல் எடுத்துக்கொண்டதால் பிழை சுருங்கி, டி மதிப்பு முன்பைவிடப் பெரிதாகிறது. வயதைச் சேர்த்ததும் முடிவு ‘இன்னும் வலுவானது’ என்று மகிழ்வதற்கு முன் எந்தச் சராசரியைக் கழித்தோம் என்று பார்க்க வேண்டும். எஸ்பிஎம்மில் சென்டரிங் (எந்தச் சராசரியைக் கழிப்பது) தேர்வு இயல்பாக ‘ஓவரால் மீன்’ (மொத்த சராசரி) என்றே இருக்கும். அதை மாற்றாமல் விடுவதே பெரும்பாலான ஆய்வுகளுக்குச் சரி.

இரு குழுவுக்கும் ஒரே சாய்வு (வயது ஓராண்டு கூடும்போது மதிப்பு மாறும் அளவு) கொண்ட மாடலில், எல்லாரிடமிருந்தும் ஒரே எண்ணைக் கழிக்கும்வரை அது எந்த எண்ணாக இருந்தாலும் [1 −1 0] மாறாது. கழிக்காமலே விட்டாலும் மாறாது. மாறுவது [1 0 0] போன்ற குழுச் சராசரிக் கான்ட்ராஸ்ட். கழிக்காவிட்டால் அது வயது 0-வில் உள்ள மதிப்பீடாகிவிடும். யாரையாவது நீக்கினால் மீதமுள்ளவர்களின் சராசரியைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். பழைய எக்செல் நிரலை அப்படியே விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் கவனக்குறைவு.

குழுவுக்கு ஒரு சாய்வு என்றால் கதையே வேறு. ஆ குழு முன்போலவே இருக்கட்டும். அ குழுவில் ஆண்டுக்கு 2 குறைகிறது: 62 வயதில் 42, 66-இல் 34, 70-இல் 26. குழுவுக்கு ஒரு நிரல், குழுவுக்கு ஒரு வயது நிரல் என நான்கு நிரல்கள். இப்போது ‘குழு வேறுபாடு’ என்று ஒரே எண் கிடையாது. வயதிலிருந்து 60-ஐக் கழித்திருந்தால் [1 −1 0 0] தருவது 46 − 40 = +6. 66-ஐக் கழித்திருந்தால் 0. 70-ஐக் கழித்திருந்தால் −4. எதையும் கழிக்காவிட்டால் 166 − 100 = +66. தரவும் மாடலும் அதே. பார்க்கும் வயது மட்டும் மாறுகிறது, குறியே புரண்டுவிடுகிறது. 60 வயதில் இரு குழுவிலும் யாருமே இல்லை என்பதையும் கவனியுங்கள். அந்த +6 என்பது இரண்டு கோடுகளையும் ஆளில்லாத இடம்வரை நீட்டிப் பெற்ற எண். ஒரே சாய்வு மாடல் இதே நீட்டலைச் சத்தமில்லாமல் செய்கிறது, அவ்வளவுதான். வயது வீச்சுகள் ஒன்றின்மேல் ஒன்று விழாத குழுக்களை வயது போன்ற எந்தத் துணை மாறியாலும் ஒப்பிடத்தக்கவை ஆக்க முடியாது. ஆள் சேர்க்கும்போதே வயதைப் பொருத்துவது ஒன்றே வழி.

ஃப்ரீசர்ஃபரில் இந்தத் தேர்வு வெளிப்படையாக இருக்கிறது: டாஸ் என்றால் குழுவுக்குக் குழு ஆரம்ப மதிப்பு வேறு, சாய்வு ஒன்று, டாட்ஸ் என்றால் இரண்டுமே வேறு. டாட்ஸில் நிரல் எண்ணிக்கை, வகுப்புகளின் எண்ணிக்கையை (மாறிகள் + 1)-ஆல் பெருக்கினால் வருவது. நோயாளர்/நலமானவர், ஆண்/பெண் எனப் பிரித்தால் 4 வகுப்பு; வயதும் மண்டையோட்டு உட்பரும அளவும் சேர்ந்தால் 4 × 3 = 12 நிரல்கள். 40 பேரில் பிழையை மதிப்பிட மிஞ்சுவது 28 கட்டின்மைக் கூறுகள் (ஆள் எண்ணிக்கையில் நிரல்கள் போக மீதி). உட்பரும அளவைக் கன மில்லிமீட்டரில் அப்படியே போட்டால் பதினைந்து லட்சம் அளவிலான எண்கள் 0, 1-க்குப் பக்கத்தில் நிற்கும். அணி சீர்கெட்டது என்று ஃப்ரீசர்ஃபரின் மாடல் கட்டளையான எம்ஆர்ஐ ஜிஎல்எம்ஃபிட் நின்றுவிடக்கூடும். லிட்டருக்கு மாற்றுங்கள், அல்லது சராசரி நீக்கித் திட்டவிலக்கத்தால் வகுத்துவிடுங்கள்.

எதை எடுப்பது? ‘வயதோடு சரிவு நோயாளரிடம் வேகமாக இருக்கிறதா?’ என்பதே உங்கள் கேள்வி என்றால் தனிச் சாய்வு, நோயாளர் நிரல் முதலில் இருந்தால் கான்ட்ராஸ்ட் [0 0 −1 1]. வயதைத் தொந்தரவாக மட்டும் பார்க்கிறீர்கள் என்றால் ஒரே சாய்வு, மொத்த சராசரி. தனிச் சாய்வு போட்டுவிட்டு, குழு வேறுபாட்டை எந்த வயதில் சோதித்தீர்கள் என்று எழுதாத கட்டுரையின் வரைபடத்தை நம்ப வேண்டியதில்லை.

துணை மாறியின் மேலேயே நோயின் தாக்கம் இருந்தால் இன்னொரு சிக்கல். நோயாளர் ஸ்கேனருக்குள் அதிகம் அசைவார்கள். சராசரி அசைவைத் துணை மாறியாகச் சேர்த்தால் நோயின் ஒரு பகுதியும் அதனோடு போய்விடும். சேர்க்காவிட்டால் அசைவே நோய் போலத் தெரியும். இரண்டு வழியிலும் ஓட்டி, இரண்டையும் காட்டுவதுதான் நேர்மை. நோயாளர் எல்லாரும் ஒரு ஸ்கேனரிலும் நலமானவர் எல்லாரும் மற்றொன்றிலும் எடுக்கப்பட்டிருந்தால் குழு நிரலும் ஸ்கேனர் நிரலும் ஒன்றே. ஸ்கேனர் வேறுபாட்டை நீக்கும் காம்பேட் முறை உட்பட எந்தத் திருத்தமும் அதைப் பிரித்துத் தராது.

இரண்டு முறை ஸ்கேன் எடுத்தவர்கள்: வேறுபாட்டுப் படமா, ஃப்ளெக்ஸிபிள் ஃபேக்டோரியலா, கலப்பு மாடலா

அதே 40 பேர், சிகிச்சைக்கு முன்னும் பின்னும்: 80 படங்கள். கேள்வி, காலத்தோடு வரும் மாற்றம் குழுவுக்குக் குழு வேறுபடுகிறதா என்பது.

எளிய வழி: ஆளுக்கு ஒரு வேறுபாட்டுப் படம் (பின் − முன்). 40 படங்கள், இரண்டு குழு டி சோதனை, 38 கட்டின்மைக் கூறுகள். எல்லா மென்பொருளிலும் ஓடும், பெர்முடேஷனிலும் சிக்கல் இல்லை.

இரண்டாவது வழி: எஸ்பிஎம்மின் ஃப்ளெக்ஸிபிள் ஃபேக்டோரியல். ஆளுக்கு ஒரு நிரல் என 40, குழு × காலம் என 4. மொத்தம் 44 நிரல்கள். ஆனால் அணியின் தரம் 42. ஆள் நிரல்கள் 40-க்கு மேல் அந்த நான்கும் புதிதாகத் தருவது காலம், இடைவினை (மாற்றம் குழுவுக்குக் குழு வேறுபடுவது) என்ற இரண்டு மட்டுமே. 80 − 42 = 38. இடைவினைக்கான டி மதிப்பு, வேறுபாட்டுப் படத்தில் கிடைப்பதற்குச் சமம். அதாவது பெரிய அணியைக் கட்டி முடித்த பிறகு கிடைப்பது சிறிய அணியின் அதே விடை.

இதில் ஒரு பொறி உண்டு. அந்தப் பெரிய அணி கண்முன் இருக்கும்போது, குழுவின் மொத்த வேறுபாட்டையும் அதிலேயே கேட்கலாமே என்று தோன்றும். ஆள் நிரல்களுக்கும் எடை கொடுத்தால் அந்தக் கான்ட்ராஸ்டை மென்பொருள் ஏற்கவும் செய்யும். ஆனால் அதில் வகுக்கப் பயன்படும் பிழை ஆளுக்குள் வரும் பிழை. ஒருவரின் இரண்டு ஸ்கேன்களுக்கு இடையிலான சிறு வித்தியாசம். குழு வேறுபாட்டை அளக்க வேண்டியது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டோடு; அது பொதுவாகப் பல மடங்கு பெரியது. விளைவு, வேறுபாடு உள்ள இடம் என்று மூளை முழுதும் பொய்யாகச் சிவப்பு. அந்தக் கேள்விக்கு ஆளுக்கு ஒரு சராசரிப் படம் எடுத்து, தனியாக இரண்டு குழு டி சோதனை ஓட்ட வேண்டும். ஒரே மாடலில் எல்லாக் கேள்விக்கும் விடை தேடும் ஆசைதான் இங்கே விலை வாங்குகிறது.

வேறுபாட்டுப் படம் கைகொடுக்காத சூழல்கள்: சிலருக்கு இரண்டாம் ஸ்கேன் இல்லை, மூன்று, நான்கு முறை வருகை, இடைவெளிகள் சீராக இல்லை. இரண்டாம் ஸ்கேன் இல்லாதவரை வேறுபாட்டுப் படம் முழுதாக இழக்கும். அங்கே கலப்பு மாடல் (ஆளுக்குள் உள்ள ஏற்ற இறக்கத்தையும் ஆளுக்கு ஆள் உள்ளதையும் தனித்தனியே கணக்கிடுவது): ஆஃப்னியின் 3டி எல்எம்ஈ-ஆர், ஃப்ரீசர்ஃபரின் நீள்கால எல்எம்ஈ, அல்லது கலப்பு மாடலுக்கு மாற்றான, சாண்ட்விச் எஸ்டிமேட்டர் எனப்படும் எஸ்டபிள்யூஈ. கடைசியானது ஒரே ஆளின் படங்களுக்கு இடையிலான தொடர்பை முன்கூட்டி ஒரு வடிவத்துக்குள் அடைக்காது, வேகமும் அதிகம். ஆள் குறைவாக இருந்தால் மட்டும் அதன் சிறு எண்ணிக்கைத் திருத்தங்களை மறக்காமல் போட வேண்டும். எல்லாரும் மூன்று முறை வந்திருந்து, நேர்கோட்டு மாற்றம் மட்டும் போதும் என்றால் ஆளுக்கு ஒரு சாய்வுப் படம் கணக்கிட்டு இரண்டு குழு டி சோதனைக்கே திரும்பிவிடலாம். அதில் தவறாகப் போகக்கூடிய இடங்கள் குறைவு.

பிழையும் வாசலும்

பரவற்படி (மதிப்புகள் சிதறும் அளவு) இரு குழுவிலும் ஒன்றா என்ற கேள்வியை எண்ணிக்கை சமமாக இருக்கும்வரை பெரிதுபடுத்த வேண்டாம். 15 நோயாளர், 60 நலமானவர், நோயாளரிடம் ஏற்ற இறக்கம் அதிகம் என்ற நிலைதான் ஆபத்து. பொதுப் பரவற்படியைப் பெரிய குழு தன் பக்கம் இழுத்துவிடுவதால் டி மதிப்பு ஊதிப்போகும். பெர்முடேஷன் இதற்கு மருந்து என்று நினைப்பவர்கள் உண்டு, தானாக ஆகாது. குழுப் பெயர்களைக் கலைத்துப் போடலாம் என்பதே இரண்டு குழுவும் ஒரே பரவலிலிருந்து வந்தவை என்ற எடுகோளில் நிற்கிறது. பெர்முடேஷனுக்கான பாம் மென்பொருளில் பரவற்படிக் குழுக்களைத் தனித்தனியே கொடுக்க வழி இருக்கிறது. எஃப்எஸ்எல்லின் எஃப்எம்ஆர்ஐ கருவியான ஃபீட்டிலும் ‘குரூப்’ நிரலில் 1, 2 என்று பிரித்துக் கொடுக்கலாம், ஆனால் இரு குழுவுக்கும் பொதுவான வயது நிரல் இருந்தால் அது ஏற்காது. வயதையும் குழுவாரியாக இரண்டாகப் பிரிக்க வேண்டிவரும். பிரித்தால் மேலே பார்த்த தனிச் சாய்வுச் சிக்கல் முழுதும் கூடவே வரும்.

ஃபீட்டின் குழு ஒப்பீட்டு முறையான ஃப்ளேம், முதல் நிலையில் (ஒவ்வொருவரின் ஸ்கேனையும் தனியாகப் பகுத்தபோது) கிடைத்த ஆள்வாரிப் பரவற்படியையும் கணக்கில் எடுக்கும். எஃப்எம்ஆர்ஐ-யில் சிலரின் தரவு மட்டும் மோசமாக இருந்தால் பயன் தெரியும். விபிஎம், டிபிஎஸ்எஸ் (வெள்ளை நரம்புப் பாதைகளை ஒப்பிடுவது) படங்களுக்கு அப்படி ஒரு முதல் நிலைப் பரவற்படியே கிடையாது. அங்கே ராண்டமைஸ் போதும். டிபிஎஸ்எஸ்-க்கு --T2 தேர்வோடு.

க்ளஸ்டர் (ஒட்டியிருக்கும் வாக்சல் கூட்டம்) வாசலை, அதாவது ஏற்பதற்கான எல்லை மதிப்பைப் பொறுத்தவரை 2016-க்கு முந்தைய பழக்கத்தைத் தொடர வேண்டாம். அந்த ஆண்டு எக்லண்ட், நிக்கோல்ஸ், க்னுட்சன் மூவரும் நலமானவர்களின் ஓய்வுநிலைத் தரவைச் செயற்கைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டனர். 5% இருக்க வேண்டிய பொய் முடிவு விகிதம், பாராமெட்ரிக் (கலைக்காமல், சூத்திரத்தால் பி மதிப்பைப் பெறும்) க்ளஸ்டர் முறையில் சில அமைப்புகளில் 70% வரை போனது. க்ளஸ்டரை உருவாக்கும் பி வாசல் 0.01 (இசட் 2.3) ஆக இருந்தபோது நிலைமை மோசம், 0.001-இல் (இசட் 3.1) பெருமளவு தணிந்தது. ஆகவே பாராமெட்ரிக் க்ளஸ்டர் என்றால் இசட் 3.1-க்குக் கீழே இறங்காதீர்கள். இரண்டு குழு ஒப்பீட்டுக்கு, கணினி நேரம் இருந்தால், பெர்முடேஷனும் டிஎஃப்சிஈ-யும் (பக்கத்து வாக்சல்களின் ஆதரவை வாசல் இல்லாமல் கணக்கில் சேர்ப்பது) நல்ல இணை; க்ளஸ்டர் வாசலைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை.

எத்தனை முறை கலைப்பது? 5,000 முறையில், உண்மையான பி 0.05 என்றால் கிடைக்கும் மதிப்பு ஏறத்தாழ 0.006 மேலோ கீழோ ஆடும். 10,000-இல் 0.0044. முதல் பார்வைக்கு 500, கட்டுரைக்கு 5,000 அல்லது 10,000. சிறு குழுக்களில் சிக்கல் வேறு: 5 பேர், 5 பேர் என்றால் பிரிக்கும் வழிகள் மொத்தம் 252 தான். 4, 4 என்றால் வெறும் 70. அதில் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி 1/70, அதாவது 0.014. மேலும் கலைப்பதால் எதுவும் கூடாது. ராண்டமைஸ் சேமிப்பது பி அல்ல, 1 − பி. படத்தைத் திறந்ததும் 0.95-க்கு மேல் உள்ளதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று குழு என்றால் மூன்று நிரல். [1 −1 0], [0 1 −1] இரண்டையும் சேர்த்து ஓர் எஃப் சோதனை (எங்காவது வேறுபாடு உண்டா என்று ஒன்றாகக் கேட்பது). எஃப்-க்குத் திசை கிடையாது. ஆறு ஒருபக்க டி கான்ட்ராஸ்ட்களை ஓட்டினால் ஒவ்வொன்றும் வாக்சல்களுக்கு மட்டுமே திருத்தப்பட்டிருக்கும், கான்ட்ராஸ்ட்களுக்கு இடையே அல்ல. இரண்டு குழுவிலும் இதே கதைதான்: [1 −1], [−1 1] இரண்டையும் பார்த்தால் வாசல் 0.05 அல்ல, 0.025. பாமில் கான்ட்ராஸ்ட்களுக்கும் சேர்த்துத் திருத்தும் தேர்வு உண்டு.

ஓட்டுவதற்கு முன்

மேலே சொன்ன எந்தத் தேர்வும் நிரைகளின் வரிசை தவறினால் பயனில்லை. கோப்புகளை ஷெல் (கட்டளைத் திரை) அகர வரிசையில் அடுக்கும்: 1, 10, 11, 2. எக்செல் எண் வரிசையில் அடுக்கும்: 1, 2, 10, 11. இரண்டையும் அருகருகே வைத்து ஓட்டினால் பிழைச் செய்தி எதுவும் வராது. வரைபடம் வெறுமையாக வரும், அல்லது அர்த்தமில்லாத ஏதோ ஒன்று வரும். நான்கு பரிமாணக் கோப்பைச் சேர்க்கும்போதே கோப்புப் பெயர்ப் பட்டியலை எழுதி வைத்து, டிசைனின் நிரைகளை அந்தப் பட்டியலிலிருந்தே உருவாக்குங்கள். 01, 02 என்று பூச்சியம் வைத்துப் பெயரிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பிறகு, விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கான்ட்ராஸ்டைப் போடுங்கள். வயது வீச்சு அகலமான விபிஎம் தரவில் வயதின் எதிர்ச் சாய்வு கிரே மேட்டரில் பரவலாகத் தெரிய வேண்டும். உட்பரும அளவோடு நேர்ச் சாய்வும் அப்படியே. அது தெரியவில்லை என்றால் குழு வரைபடத்தைத் திறக்க வேண்டாம், நிரைகளைச் சரிபாருங்கள். கூடவே முகமூடிப் படத்தையும் (எந்த வாக்சல்கள் கணக்கில் உள்ளன என்று காட்டுவது) பார்த்துவிடுங்கள். ஒருவரின் சிறுமூளை ஸ்கேன் எல்லைக்கு வெளியே வெட்டுப்பட்டிருந்தால், எல்லாரிடமும் உள்ள வாக்சல் மட்டும் எடுக்கும் மாடலில் 40 பேரின் சிறுமூளையும் காணாமல் போயிருக்கும்.